கணிப்பொறியின் பகடை நேர்மையானதா?

தாயம் ஆடும்போது, விழுந்த எண் பிடிக்கவில்லை என்று மீண்டும் உருட்டுபவரை 'அழுகுணி' என்கிறோம். கணிப்பொறி விளையாட்டில் இது மிக எளிது. சுடுவதற்கு முன் ஆட்டத்தைச் சேமித்து வைக்கலாம். குறி தவறினால், சேமித்த இடத்திற்குத் திரும்பி மறுபடியும் சுடலாம்.

இதற்கு அணை போட முயன்ற விளையாட்டு ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஃபிராக்ஸிஸ் நிறுவனம் உருவாக்கி, 2012-இல் வெளிவந்த 'எக்ஸ்காம்: எனிமி அன்நோன்' என்பதே அது. வேற்றுக் கோள்வாசிகளை எதிர்க்கும் வீரர்களை இதில் நாம் நடத்துகிறோம். குறி தப்பாமல் படும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று சுடுமுன் திரையில் தெரியும். குறி தவறியதும் சேமித்த இடத்திற்குத் திரும்பி, அதே வீரனை அதே இலக்கை நோக்கிச் சுடச் செய்யுங்கள், மறுபடியும் தவறும்!

காரணம் என்ன? கணிப்பொறி உண்மையில் பகடை உருட்டுவதில்லை; ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணைக் கணக்கிடுகிறது. கையிலுள்ள எண்ணை 5-ஆல் பெருக்கி, 3 கூட்டி, 16-ஆல் வகுத்து மீதியை எடுங்கள். 7-இல் தொடங்கினால் 6, 1, 8, 11 என்று வரும். எத்தனை முறை தொடங்கினாலும் இதே வரிசைதான். விளையாட்டுகளில் எண்கள் மிகப் பெரியவை, தத்துவம் ஒன்றே. வரிசையில் எந்த எண்ணில் நிற்கிறோம் என்பதையும் எக்ஸ்காம் ஆட்டத்துடன் சேர்த்தே சேமிக்கிறது.

இது சரியான முடிவு என்பேன். ஊசல் இருக்கும் இடத்தை மட்டும் குறித்துக்கொண்டு, அதன் வேகத்தை விட்டுவிட்டால் அதன் நிலையை அறிந்தவர் ஆவோமா? அந்த ஓர் எண்ணை விட்டுவிட்டுச் சேமித்த ஆட்டமும் அப்படிப்பட்டதே.

ஆனால், குறையும் உண்டு. அடுத்து வரும் எண் 80 என்று கொள்வோம். 65 சதவீத வாய்ப்புள்ள வீரன் சுட்டால் தவறும்; 90 சதவீதம் உள்ளவன் சுட்டால் படும். ஆகவே, திரும்பி வந்து இரண்டாமவனை முதலில் சுடச் செய்தால் கெட்ட எண் அவனிடம் கழிந்துவிடுகிறது! ஒவ்வொரு வீரனுக்கும் தனி வரிசை அமைத்தால் இவ்வழி அடைபடும். எனினும், தவறும் என்று முன்பே தெரிந்தவர் அந்த வீரனைச் சுட விடாமல் பதுங்கச் செய்வார். கணிப்பொறியின் நிலையைப் பின்னோக்கித் திருப்பலாம். ஆடுபவரின் நினைவைத் திருப்ப இயலாது.

திரும்பும்போதெல்லாம் புதிய வரிசை வேண்டுவோருக்கு எக்ஸ்காமிலேயே 'சேவ் ஸ்கம்' என்ற விருப்பத் தேர்வும் பின்னர் வந்தது. அழுகுணி ஆட்டத்தை அதன் பெயர் சொல்லியே அனுமதித்த இந்த நேர்மை பாராட்டத்தக்கது. பகடையைக் காவல் காப்பது நிரலின் வேலை. தன்னைக் காப்பது ஆடுபவரின் வேலை அல்லவா?