உயிரித் தகவலியல்: இரு பாதிகள் ஒரு படிப்பாகுமா?

உயிரியல் தரவுகளைக் கணிப்பொறியின் துணையுடன் ஆராயும் துறை உயிரித் தகவலியல் ஆகும். மனித மரபணுத் தொகுதியைப் படித்தறியும் திட்டம் 2003-இல் நிறைவுற்றது. அதையொட்டிய ஆண்டுகளில் தமிழகக் கல்லூரிகள் சிலவற்றில் இதற்கெனப் பட்டப்படிப்புகள் தோன்றின. முயற்சி நல்லதே. ஆயினும் இத்தகைய படிப்பு எளிதில் ஒரு குறைக்கு ஆளாகிவிடுகிறது. ஒரு பக்கம் உயிரியல் தாள்கள், மறுபக்கம் கணிப்பொறித் தாள்கள் என்று அடுக்கிவிட்டு, இரண்டையும் இணைக்க வேண்டிய கணிதத்தையும் இயற்பியலையும் ஒதுக்கிவிடுகிறார்கள்.

இதனால் விளையும் கெடுதி என்ன? டி.என்.ஏ. என்பது நான்கே எழுத்துகளால் ஆன நீண்ட வாசகம் எனலாம். இரு வாசகங்களில் அடுத்தடுத்து 10 எழுத்துகள் ஒத்திருந்தால், அவற்றுக்குள் உறவு உண்டு என்று கூறலாமா? நான்கு எழுத்துகளைக் கொண்டு 10 எழுத்துத் தொடர்கள் 10,48,576 அமைக்கலாம். மனித மரபணுத் தொகுதியில் உள்ளவையோ ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். அவை தற்செயலாக அமைந்தவை என்று கொண்டாலும், குறிப்பிட்ட ஒரு தொடர் சராசரியாக 2,800-க்கும் மேற்பட்ட இடங்களில் வந்துவிடும்! நிகழ்தகவு அறியாத மாணவர் இதனை உறவு என்றே எண்ணிவிடுவார்.

நமக்கு வழிகாட்டி வெளியே இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியலறிஞர் ஜி. என். இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோர் 1963-இல் புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப இயலும் என்று கணக்கிட்டனர். அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்க முடியாது என்பதே அதன் அடிப்படை. புதிய புரத வடிவங்களைச் சரிபார்க்க அவ்வரைபடம் இன்றும் பயன்படுகிறது.

‘வேலைக்கு மென்பொருள் பழக்கம் போதும்’ என்பர் சிலர். மென்பொருள் நிலைப்பதில்லை. 2020-இல் ஆல்ஃபாஃபோல்டு, புரத வடிவத்தைக் கணிக்கும் முறையையே மாற்றிவிட்டது. பழைய நிரலை இயக்க மட்டுமே கற்றவர் என்ன செய்வார்?

முதலாண்டிலேயே நிகழ்தகவும் மூலக்கூறு இயற்பியலும் தொடங்க வேண்டும். இறுதியாண்டு ஆய்வு ஊர்ப் பிரச்சினையிலிருந்து எழ வேண்டும். சேலத்து மரவள்ளியைத் தாக்கும் தேமல் வைரசின் மரபுப்பொருள், ஏறத்தாழ 2,700 எழுத்துகள் கொண்ட இரு டி.என்.ஏ. வளையங்களே. நாமக்கல் கோழிப்பண்ணைகள் அஞ்சும் இராணிக்கெட் வைரசுக்குச் சுமார் 15,000 எழுத்துகள். இவ்வாசகங்கள் பொதுத் தரவு வங்கிகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. சாதாரணக் கணிப்பொறியே போதும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் அருகிலேயே உள்ளது. பாடத்திட்டம் வகுப்போர் இதனைக் கருத்திற் கொள்வார்களாக.