ஆசைக்கு விலையாகும் நினைவு

மிஹாயேல் எண்டெ 1979இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட ‘முடிவிலாக் கதை’யைப் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் அதன் முதல் பாதியைத்தான் புகழ்கிறார்கள். 1984இல் வொல்ஃப்காங் பீட்டர்சன் எடுத்த திரைப்படமும் ஏறக்குறைய அந்தப் பாதியோடு நின்றுவிட்டது. ஆனால் நாவலின் உயிர் இரண்டாம் பாதியில் இருக்கிறது. அதன் பெரிய பழுதுகளும் அங்கேதான்.

தாயை இழந்த சிறுவன் பாஸ்டியன், ஒரு புத்தகத்தைத் திருடிப் பள்ளிக்கூடப் பரணில் ஒளிந்து படிக்கிறான். அந்தப் புத்தகத்துக்குள் ஃபான்டாசியா என்னும் நாட்டை வெறுமை தின்றுகொண்டே வருகிறது. நோயுற்ற குழந்தைப் பேரரசிக்கு மருந்து தேடி அட்ரேயு என்ற சிறுவன் புறப்படுகிறான். துயரச் சதுப்பில் அவன் குதிரை ஆர்டாக்ஸ் மூழ்கும் இடம் எத்தனை முறை படித்தாலும் நெஞ்சை அடைக்கிறது. அங்கே எந்த அரக்கனும் வரவில்லை. வாழ வேண்டும் என்ற எண்ணம் குதிரைக்கு அற்றுப்போகிறது, அவ்வளவுதான். மனச்சோர்வை ஒரு குழந்தைக்கு இதைவிட நேர்மையாக எப்படிச் சொல்வது?

அட்ரேயு அலைந்து திரிந்து அறிந்துவந்த மருந்து பேரரசிக்கு முன்பே தெரியும் என்பது பிறகு வெளிப்படுகிறது. வாசிக்கும் பாஸ்டியனைப் பின்தொடர வைத்துக் கதைக்குள் இழுத்துவரவே அவள் அட்ரேயுவை அனுப்பினாள். தேடல் கதையின் இலக்கணத்தையே புரட்டிப்போடும் துணிச்சல் இது.

உள்ளே வந்தவனுக்கு ஆசைப்பட்டதெல்லாம் கிடைக்கிறது. ஒவ்வோர் ஆசைக்கும் ஒரு நினைவு போய்விடுகிறது. அழகனானதும், தான் ஒருகாலத்தில் குண்டாக இருந்ததை மறக்கிறான். அவமானத்தோடு சேர்ந்து, அவமானப்பட்டவரைப் புரிந்துகொள்ளும் மனமும் அவனைவிட்டு நழுவுகிறது. அழுதுகொண்டே வாழும் அகாரிகளை எப்போதும் சிரிக்கும் ஷ்லாமுஃபன்களாக மாற்றுகிறான். நோக்கமில்லாத அந்தச் சிரிப்பு அவர்களுக்குப் பழைய அழுகையைவிடக் கொடிதாகிறது. பழைய பேரரசர்களின் நகரத்தில், அவனைப்போலவே வந்து எல்லா நினைவையும் இழந்தவர்கள் எழுத்துப் பகடைகளை உருட்டிக்கொண்டிருக்கிறார்கள். விரும்பியது கைகூடுவதே ஆபத்து என்று சிறுவர்களிடம் இத்தனை உறுதியாகச் சொன்ன நாவல்கள் அரிது.

இந்தக் கருவை எண்டெயே சில இடங்களில் பலவீனப்படுத்துகிறார். ஸாயிடே என்ற சூனியக்காரி வந்து பாஸ்டியனின் காதில் முகத்துதி ஊதத் தொடங்கியதும், அவன் ஆணவத்துக்கு வெளியிலிருந்து ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. அதுவரை அவனுடையதாக இருந்த குற்றத்தில் பாதி அவள் தலைக்குப் போகிறது. இதை நாவலின் மிகப் பெரிய சறுக்கலாகக் கருதுகிறேன். அமர்காந்த் நகரப் போட்டி, ஒரு வீரனுக்காகவே உண்டாக்கப்பட்ட டிராகன் போன்றவற்றில் பாஸ்டியனுக்குத் தோல்வி கிடையாது என்பதால் பதற்றமும் இல்லை, நடுப்பகுதி தொய்கிறது. பெண்களோ தொலைவில் நிற்கும் பேரரசி, கெடுக்கும் சூனியக்காரி, பழம் ஊட்டும் தாய் போன்ற அயுவோலா என்ற அச்சுகளைத் தாண்டி அதிகம் நகர்வதில்லை. தேடலில் உடன் நடக்க ஒரு சிறுமி இல்லை.

அயுவோலாவின் வீட்டில் விளக்கமும் கூடிப்போகிறது. பாஸ்டியனுக்குத் தேவை அன்பு செலுத்தும் திறன் என்பதை அவள் வாயால் சொல்லவைத்திருக்க வேண்டாம். அடுத்து வரும் படச்சுரங்கமே அதைச் சொல்லிவிடுகிறது. மறந்துபோன கனவுகள் படங்களாகப் புதைந்துகிடக்கும் அந்த இருளில், பனிக்கட்டிக்குள் உறைந்த ஒரு மனிதனின் படத்தை அவன் தோண்டியெடுக்கிறான். அது தன் அப்பா என்பதுகூட அவனுக்குத் தெரியாது. ஏக்கம் மட்டும் எழுகிறது. பிறகு ஷ்லாமுஃபன்கள் வந்து கூச்சலிட, படம் நொறுங்குகிறது. யோசிக்காமல் செய்த உதவி, மிகவும் தேவையான நேரத்தில் அவனையே வந்து தாக்குகிறது. கட்டமைப்பில் எண்டெயின் கை இங்கே மிக உறுதியாக இருக்கிறது.

இறுதியில் உயிர்நீர் ஊற்றின் முன் பாஸ்டியன் தன் பெயரும் தெரியாமல் நிற்கிறான். அவன் வாளால் காயப்பட்ட அட்ரேயு அவனுக்காகப் பேசுகிறான். பாஸ்டியன் தொடங்கி முடிக்காமல் விட்ட கதைகளையெல்லாம் முடித்துவைப்பதாகப் பொறுப்பேற்கிறான். தவறு செய்தவன் எளிதில் தப்புகிறான் என்று இதைக் குறை சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அட்ரேயு ஏற்பது பல ஆண்டுகள் நீளும் வேலை; நாவல் அந்தக் கடனை அழித்துவிடவில்லை, யார் சுமக்கிறார் என்பதைப் பெயர் சொல்லிப் பதிவு செய்கிறது.