அக்கறையும் செவியும்

குவேக்கர்கள் எனப்படும் நண்பர்கள் சங்கம் மிகச் சிறிய மதக்குழு. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தோன்றியது. அவர்களுடைய மரபான கூட்டத்தில் பாதிரி இல்லை, சடங்கு இல்லை. கூடி மௌனமாக உட்கார்ந்திருப்பதே வழிபாடு. யாருக்காவது உள்ளிருந்து சொல் எழுந்தால் எழுந்து சொல்லலாம். எழாவிட்டால் பேசாமல் கலைந்துபோகலாம். மேளமும் தேவாரமும் கேட்டு வளர்ந்த தென்காசிக்காரனுக்கு இது வழிபாடாகவே படாது. ஆனாலும் காடு, பழங்குடி என்று தமிழில் இப்போது குவிகிற எழுத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த மௌனம்தான் ஞாபகம் வருகிறது.

ஜான் வுல்மன் என்ற குவேக்கர் 1763ல், எல்லைப்புறத்தில் போர் மூண்டிருந்த சமயம், பென்சில்வேனியக் காட்டு வழியே பூர்வகுடிக் கிராமம் ஒன்றுக்குப் போனார். அவர்களிடம் தாமும் ஏதாவது கற்க முடியுமா என்று பார்க்கவே போனதாகத் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். சாராயத்தைக் கொடுத்துத் தோலை வாங்கும் வெள்ளையரின் வியாபாரத்தை நினைத்தவர், அதில் தம் பங்கு என்ன என்றும் கேட்டுக்கொண்டார். அக்கறை என்றால் இது.

ஆனால் அதே சங்கம் ஒரு நூற்றாண்டு கழித்து என்ன செய்தது? 1869ல் ஜனாதிபதி கிராண்ட் பூர்வகுடிகளின் நிர்வாகத்தில் ஒரு பகுதியைக் குவேக்கர்களிடம் ஒப்படைத்தார். அவர்கள் நடத்திய விடுதிப் பள்ளிகளில் குழந்தைகள் தங்கள் பாஷையையும் உடையையும் இழந்தார்கள். நடத்தியவர்கள் கொடியவர்களல்ல. அக்கறை குறையவில்லை, செவிதான் அடைத்துக்கொண்டது.

நமக்குப் பக்கத்திலேயே மாறான உதாரணமும் உண்டு. 1928ல் சென்னைக்கு ஆசிரியையாக வந்து தமிழ் கற்ற மார்ஜரி சைக்ஸ், பிறகு குவேக்கரானார். கோத்தகிரியில் வாழ்ந்தார். 1964 முதல் 1967 வரை நாகாலாந்துப் போர்நிறுத்தத்தின் பார்வையாளர் குழுவில் இருந்தார். இரு தரப்பும் பேசக் கேட்பதே அங்கே பெரிய வேலை.

இனி நம் குற்றாலத்துக்கு வருகிறேன். குறவஞ்சியில் குறத்தி தன் மலையைப் பாடுகிறாள் என்று மகிழ்கிறோம். பாடுவது மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர். அவள் மலை குற்றாலநாதரின் மலை. சிங்கன் கண்ணி வைக்கிற பறவைகள் மேய்வதும் கோயில் நிலங்களில்தான்; அந்தப் பகுதியை ஒரு நிலப் பதிவேடாகவே படிக்கலாம். இதற்காகக் கவிராயரைக் குறை சொல்ல மாட்டேன். 18ஆம் நூற்றாண்டுக் கலைஞர் தம் மரபுக்குள் நின்று செய்தது அது. சந்தம் இன்னும் உயிரோடிருக்கிறது. ஆனால் இன்றைய நாவலாசிரியர்களும் அதையே செய்கிறார்கள், சந்தம் இல்லாமல். முன்பு குறத்தியின் வாயில் ஈசன் பெருமை இருந்தது, இப்போது சூழலியல் பிரசங்கம் இருக்கிறது. வாய் மட்டும் அவளுடையதாக இருந்ததே இல்லை.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளையில் ஒருநாள் மலையடிவாரத்துப் பளியர் ஒருவர் கணக்குத் தொடங்க வந்தார். படிவத்தை நான்தான் நிரப்பினேன். தொழில் என்ற இடத்தில் அவரைக் கேட்காமலே ‘கூலி’ என்று எழுதினேன். கைநாட்டு வைத்துவிட்டுப் போனார். அவர் மலைத்தேன் எடுப்பவர் என்று பிறகு இன்னொருவர் சொல்லித் தெரிந்தது. பாறையையும் பூவையும் பருவத்தையும் அறிந்த ஒரு ஞானத்தை ஒரு சொல்லில் அழித்திருக்கிறேன். உதவி செய்கிற நினைப்பில்தான் செய்தேன்.

இந்த எழுத்துக்களில் அக்கறை இல்லை என்று நான் சொல்லவில்லை. அக்கறை மட்டும் இலக்கியமாகாது, பல சமயம் நியாயமும் ஆகாது. அடுத்து காட்டைப் பற்றி எழுதப்போகும் நண்பர்களிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது: அங்கே யாரிடம் எதைக் கற்றுக்கொண்டு வந்தீர்கள்?