ஆறவைக்கும் கல்லூரி

அமெரிக்காவில் இரண்டு வருட கம்யூனிட்டி காலேஜில் படித்தவர்களைக் கேட்டால், ஒருத்தர் கொண்டாடுவார், இன்னொருத்தர் திட்டுவார். ஏன் என்று யோசித்தபடி, சமூகவியலாளர் பர்ட்டன் கிளார்க் 1960ல் எழுதிய 'ஆறவைத்தல்' கட்டுரையை எடுத்தேன். எல்லோரையும் சேர்த்துக்கொள்வது, நான்கு வருடப் பட்டம் எட்டாது என்று தெரிகிற மாணவரை விரட்டாமல், ஆலோசகரை வைத்து மெல்ல வேறு படிப்புக்குத் திருப்பிவிடுவது. இதுதான் அவர் சொல்வது.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஏமாந்தவன் சத்தம் போடாதபடி சமாதானப்படுத்தும் மோசடிக் கும்பலின் பாஷையிலிருந்து! (கோஃப்மன் 1952லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார்.) ஆனால் கிளார்க் இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. கல்லூரியின் பக்கம் நின்றுதான் பார்க்கிறார், அதுதான் எனக்கு உறுத்துகிறது. நர்சிங் முடித்து நேரே வேலைக்குப் போக வந்தவரிடம் ஆறவைக்க எதுவுமில்லை. பல்கலைக்கழகத்துக்கு மாறும்போது பழைய கிரெடிட் செல்லாமல், படித்த பாடத்துக்கே மறுபடி பணம் கட்டுகிறவருக்கோ ஆசை ஆறவே இல்லை. அவர் திட்டாமல் என்ன செய்வார்?