பில்லாவும் கோலாலம்பூரும்

ஒருமுறை படமான கதை மறுமுறையும் படமாகி வந்துவிட்டால் நம் இரசிகத் தோழர்களுக்கு உறக்கம் கெட்டுவிடுகிறது. பழைய நடிகர் நடையழகில் மேலா, புதிய நடிகர் உடையழகில் மேலா என்னும் வழக்கு, 2007 முதற்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் உணவுக்கடைகளிலும் கிள்ளான் கடைத்தெருவிலும் நடந்து வருகிறது, தீர்ப்பு வந்தபாடில்லை. வழக்குக்குரிய பொருள் ‘பில்லா’. ரஜினிகாந்த் நடித்தது 1980-இல். அஜித்குமார் நடித்தது 2007-இல். இவருள் உயர்ந்தவர் யாவர் என்று கூற நாம் முன்வரவில்லை. வழக்கே தவறு என்பது நமது அபிப்பிராயம்.

மூலத்தினின்று வழுவாமையே சிறப்பு என்றால், முந்திய பில்லாவும் தோற்பான். அவன் 1978-இல் வந்த ‘டான்’ என்னும் இந்திப் படத்தின் வழித்தோன்றல். அந்த ‘டான்’ 2006-இல் இந்தியிலேயே மறுபடி எடுக்கப்பட்டபொழுது கதை கோலாலம்பூருக்குக் குடியேறிற்று. மறு ஆண்டில் தமிழ்ப் பில்லாவும் அங்கேயே வந்திறங்கினான். கதை மட்டுமன்று, ஊரும் இரவல்!

கதையை வேற்றூருக்குக் கொண்டுசெல்வது குற்றமன்று. ‘லைஃப் ஆன் மார்ஸ்’ என்னும் விஞ்ஞானக் கற்பனைத் தொடர் 2006-இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் வந்தது. மோட்டார் மோதி மயங்கிய போலீஸ் அதிகாரியொருவன் 1973-ஆம் ஆண்டின் மான்செஸ்டரில் கண்விழிப்பதே அதன் கதை. அமெரிக்கர் அதனை எடுத்தாளுகையில் முதலில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வைத்து மாதிரிப் படம் எடுத்தனர். பிறகு அதைத் தள்ளிவிட்டு, 2008-இல் வெளியிட்ட தொடரை நியூயார்க்கில் அமைத்தனர். முடிவில் அவ்வதிகாரியைச் செவ்வாய்க் கிரகத்துக்குச் செல்லும் விண்கலத்தில் விழிக்கச் செய்தது நமக்கு நகைப்பையே தருகிறது. ஆயினும், எவ்வூர் இக்கதைக்குப் பொருந்தும் என்று அவர்கள் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

நிற்க. கோலாலம்பூர் வந்த பில்லா கண்டது யாது? வானளாவிய கட்டிடம், அகன்ற சாலை, விலையுயர்ந்த மோட்டார், கறுப்புக் கண்ணாடி. நிரவ் ஷாவின் ஒளிப்பதிவு கண்ணைக் கவர்வதை நாம் மறுக்கோம். ஆனால் இந்நாட்டில் இரயில் பாதை போட்டவரும் பால்மரம் சீவியவரும் பெற்ற மக்கள் அப்படத்தில் எங்கே? ஏழையொருவனுக்குக் கொள்ளைக்காரனின் வேடத்தைப் பூட்டுவதே இக்கதைக்கு உயிர். ஏழையின் உலகம் மெய்யாயிருந்தாலன்றோ கள்வனின் உலகம் நம்மை அச்சுறுத்தும்? சில்லறைத் திருடன் வேலு, 2006-இல் திறக்கப்பட்ட 140 அடி முருகன் சிலையின்முன் பத்துமலையில் ஒரு பாட்டுக்கு ஆடுகிறான். நம்மவருக்குக் கிடைத்த இடம் அவ்வளவே.

படம் வெளிவந்தது 2007 டிசம்பர் 14-இல். அதற்கு 19 நாள் முன்னர், நவம்பர் 25-இல், இண்ட்ராஃப் பேரணிக்காக ஆயிரக்கணக்கான இந்தியர் கோலாலம்பூர்த் தெருக்களில் திரண்டனர். அன்று அதிகாலையில் பத்துமலைக் கோயில் வாயிலில் கூடியிருந்தோர்மீது கண்ணீர்ப்புகை வீசப்பட்டது, தண்ணீர் பீய்ச்சப்பட்டது. முன்னமே எடுத்து முடித்த படத்தில் இது இல்லையே என்று குறைகூறுவது நியாயமாகாது. பார்த்தவர்களைப் பற்றியே பேசுகிறோம். கண்ணெரிச்சல் ஆறுமுன் அதே பத்துமலையைத் திரையில் கண்டவர்கள், கோட்டின் தையலைப் பற்றியன்றோ வழக்காடினார்கள்!

இன்னொன்றும் கூறவேண்டும். 1980-ஆம் ஆண்டுப் படத்தின் வெற்றிலைப் பாட்டைப் பாடியவர், மலாயாவில் பிறந்து சென்னை சென்று புகழடைந்த மலேசியா வாசுதேவன். அப்பாட்டு 2007-இல் புதிய இசையோடு மீண்டும் வந்தபொழுது குரல் வேறாயிற்று. சென்னையில் எடுத்த படத்தில் மலேசியக் குரல் இருந்தது. மலேசியாவுக்கே வந்த படத்தில் அஃதில்லை. பழையது நன்றென்போரும் இதனை எடுத்துக்காட்டி நாம் கேட்டதில்லை.

முந்திய பில்லாவாகிய அதே ரஜினிகாந்த், 36 ஆண்டு கழித்து, 2016-இல் ரஞ்சித் இயக்கிய ‘கபாலி’யில் கோலாலம்பூர் வந்தார். அதில் நாயகன் தோட்டத் தொழிலாளரின் கூலிக்காக வாதாடியவன். குண்டர் கூட்டத்தில் சிக்கும் இளைஞரைப் பற்றிய கவலையும் அதில் உண்டு. துப்பாக்கி மோகமும் உண்டு. இந்தியாவில் அப்படம் ஒரு துப்பாக்கி ஓசையோடு முடிந்தது. மலேசியாவில், டைகர் என்னும் இளைஞன் போலீசாரிடம் சரணடைந்தான் என்னும் அறிவிப்பு முடிவிலே சேர்க்கப்பட்டது. ஒரே படத்துக்கு இரண்டு முடிவு! நம் இளைஞனின் கதைமுடிவை எழுதியது யார், எதற்காக என்று தெங்கு கிளானா வீதியில் வழக்காடட்டும். நாமும் ஒரு கோப்பைத் தேநீரோடு அருகே வந்து அமர்கிறோம்.