திரும்பப் பெற்ற பிறகும் உலவும் கட்டுரைகள்

2020 ஜனவரி 31 அன்று பயோஆர்கைவ் முன்பதிப்புத் தளத்தில் டெல்லி ஆய்வாளர்கள் சிலர் ஒரு கட்டுரையை ஏற்றினார்கள். புதிய கொரோனா வைரஸின் கூர்ப்புரதத்தில் நான்கு சிறு செருகல்கள் உள்ளன, அவை எச்ஐவி புரதங்களை ஒத்திருக்கின்றன, இது தற்செயலாக இருக்க வாய்ப்பு குறைவு என்பது அவர்கள் வாதம். பல நாட்டு ஆய்வாளர்கள் உடனே அதை அலசினார்கள். அவ்வளவு குட்டையான அமினோ அமிலத் தொடர்கள் எத்தனையோ உயிரிகளில் காணக்கிடைப்பவை. எச்ஐவியோடு மட்டும் முடிச்சுப் போட ஆதாரமே இல்லை. இரண்டொரு நாளில் ஆசிரியர்களே கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள்.

மதிப்பாய்வுக்கு முன்பே ஆய்வை எல்லோர் பார்வைக்கும் வைப்பதுதான் முன்பதிப்பு முறை. இயற்பியலில் 1991 முதலே ஆர்கைவ் தளத்தின் வழியாக இது வேரூன்றிவிட்டது. டெல்லிக் கட்டுரையை இம்முறையின் தோல்வியாகக் காட்டுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பிழை திறந்த வெளியில் பிடிபட்டது, ஆசிரியர்களும் பிடிவாதம் பிடிக்கவில்லை. அதே ஆண்டு ஜூனில், டெக்சாமெத்தசோன் என்ற மலிவான மருந்து, வென்டிலேட்டரில் இருந்த கோவிட் நோயாளிகளின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது என்ற பிரிட்டனின் ரெகவரி ஆய்வின் விவரங்களும் முன்பதிப்பாகத்தான் முதலில் வந்தன. இதழில் வரச் சில வாரங்கள் ஆயின. மருத்துவமனைகள் நிரம்பி வழிந்த காலத்தில் அந்த வாரங்களின் மதிப்பைச் சொல்லத் தேவையில்லை.

அப்படியானால் இதழ் முத்திரை பெற்றதை மட்டும் நம்பலாமா? 2020 மே 22 அன்று லான்செட் இதழில் ஹைட்ராக்சிகுளோரோகுயின் பற்றி ஓர் ஆய்வு வந்தது. 671 மருத்துவமனைகள், ஏறத்தாழ 96,000 நோயாளிகள். அதை நம்பி உலக சுகாதார நிறுவனம் தன் சோதனையில் அந்த மருந்தை நிறுத்திவைத்தது. ஆஸ்திரேலியாவில் ஆய்வின் தரவு முடிந்த நாள்வரை அரசு அறிவித்திருந்த இறப்புகளைவிட ஆய்வுக் கணக்கில் கூடுதல் இறப்புகள் இருந்ததை வாசகர்கள்தான் கண்டுபிடித்தார்கள். ஆய்வுக்குத் தரவு வழங்கிய நிறுவனம் மூலத் தரவைக் காட்ட மறுக்க, ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. ஐயம் கொள்ள வேண்டியது தரவின்மீது. அது எங்கே வெளியானது என்பது அடுத்த கேள்வி.

முன்பதிப்பின் மெய்யான குறை வேறிடத்தில் இருக்கிறது. ஏற்றிய கட்டுரை ஒரே நாளில் ஊடகங்களுக்குப் போய்விடுகிறது; திருத்தமோ மறுப்போ அதே வேகத்தில் பின்தொடர்வதில்லை. எச்ஐவியைக் கண்டறிந்ததற்காக நோபல் பரிசு பெற்ற லுக் மோன்தாஞ்ஞியே, டெல்லிக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டு இரண்டு மாதங்களுக்கு மேல் ஆன ஏப்ரலில், பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் அதே வாதத்தை எடுத்து வைத்தார். பெரிய பெயர் சொன்னதால் செத்த வாதத்துக்கு மறுபடி உயிர் வந்தது.

இங்கே பொறுப்பு மேற்கோள் காட்டுபவருக்கு வருகிறது. முன்பதிப்பை இதழ்க் கட்டுரைபோல் அடிக்குறிப்பில் செருகுவதும், சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு முழுதும் படித்ததாகக் காட்டுவதும் நேர்மைக் குறைவுதான். அவற்றைச் சிறு கவனக்குறைவு என்று விட்டுவிட என்னால் முடியவில்லை. எந்தப் பதிப்பு, எந்தத் தேதி, மதிப்பாய்வு ஆயிற்றா என்பதை எழுத ஒரு வரி போதும். தளத்தின் பக்கத்தில் ‘திரும்பப் பெறப்பட்டது’ என்ற குறிப்பு வந்துவிடும். முன்பே நம் கணினியில் இறக்கி வைத்த கோப்பில் அது வராது. ஆகவே, ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் ஒவ்வொரு முன்பதிப்பின் பக்கத்தையும் மறுபடி திறந்து பார்க்கும்படி நெறியாளர்கள் மாணவர்களைக் கேட்க வேண்டும்.