தலைநகர்ப் புனைகதையில் அடுக்களை

குறுந்தொகையில் கூடலூர்கிழார் பாடிய 167-ஆம் பாடலைத் தமிழ் படித்தோர் பெரும்பாலும் அறிவர். புதிதாக இல்லறம் ஏற்ற ஒருத்தி கட்டித் தயிரைக் கையாலேயே பிசைகிறாள். அந்த விரல்களை உடுத்திய ஆடையிலேயே துடைத்துக்கொள்கிறாள். தாளிக்கும் புகை கண்ணைச் சூழ, புளிக்குழம்பைத் தானே சமைக்கிறாள். கணவன் நன்றாயிருக்கிறது என்று சொல்லி உண்கிறான். அவள் முகத்தில் மெல்லிய மகிழ்ச்சி தோன்றுகிறது. இதைப் பார்த்து வந்த செவிலி, பெற்ற தாயிடம் சொல்கிறாள். பிறந்த வீட்டைவிட்டுச் சென்ற பெண் எப்படி வாழ்கிறாள் என்னும் கேள்விக்கு, அடுக்களையைக் காட்டி விடை தந்தார் புலவர். வேறொன்றும் அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

இந்தப் பாடலையே அளவுகோலாகக் கொண்டு, தலைநகர் தந்த தமிழ்ப் புனைகதைகளை அணுகினால் என்ன தெரிகிறது?

தில்லி தமிழுக்குத் தந்த கொடை சிறிதன்று. 'கணையாழி' இதழ் 1965-இல் இங்குதான் தோன்றியது. இந்திரா பார்த்தசாரதியும் ஆதவனும் இந்நகரின் மாந்தரைத் தமிழ் நாவலுக்குள் கொண்டு வந்தனர். ஆயினும் இவர்களுடைய கதைமாந்தர் நடமாடும் இடங்களை எண்ணிப் பாருங்கள். அலுவலகம், காப்பிக் கடை, விருந்துக் கூடம், அரசியல்வாதியின் வரவேற்பறை ஆகியவையே மிகுதி. 'சுதந்திர பூமி'யில் முகுந்தன் ஒரு வடநாட்டு அரசியல்வாதியின் வீட்டில் சமையற்காரனாகத்தான் நுழைகிறான். ஆனால் அந்தச் சமையலறை அவன் அரசியலில் ஏறுவதற்கு வாய்த்த முதற்படி மட்டுமே. அங்கதம் கூர்மையானது, ஏக்கத்துக்கு அதில் இடமில்லை. 1977-இல் வெளிவந்த ஆதவனின் 'காகித மலர்க'ளில் பசுபதியின் குடும்பம் முழுமையாகவே வருகிறது. ஆயினும் அங்கே வீடு என்பது ஒவ்வொருவரும் தத்தம் வேடத்தைப் புனைந்து பார்க்கும் மேடையாகவே அமைகிறது.

இதனை அவ்வாசிரியர்களின் திறமைக் குறையாக நாம் கருதவில்லை. அவர்கள் நின்று பார்த்த இடம் வேறு. ஆதவனின் 'ஒரு அறையில் இரண்டு நாற்காலிகள்' என்னும் சிறுகதையை எடுத்துக்கொள்வோம். அகர்வாலின் நட்பு கைலாசத்துக்கு மெல்ல மெல்லச் சுமையாகிறது. தன் மொழிக்காரனோடு தளர்ந்து உட்கார்ந்து பேசும் சுகம் எத்தகையது என்பதை, அது இல்லாத அறையைக் காட்டியே உணர்த்துகிறார் ஆசிரியர். அதே நுட்பம் மாலையில் கைலாசத்தோடு வீடுவரை சென்றிருக்கலாகாதா என்பதே நம் ஆதங்கம்.

வீட்டில் என்ன இருக்கிறது? தைமாதத்துத் தில்லி இரவில் குளிர் ஐந்து, ஆறு டிகிரிக்கு இறங்குகிறது. ஊரில் தானாகப் பொங்கும் இட்லி மாவு இங்கே கல்லாய்க் கிடக்கிறது. பாத்திரத்துக்குப் போர்வை சுற்றி, ரஜாய்க்குள் குழந்தையைப் போலக் கிடத்தி, விடியலில் எழுந்து மூடியைத் திறந்து பார்க்கும் பெண்மணி நம் எல்லோர் வீட்டிலும் உண்டு. ஊருக்குப் போய் வருகிறவர் யாராயினும், இரண்டு இரவுப் பயணத்தில் அப்பளமும் வடாமும் காப்பிப் பொடியும் சுமந்து வரும்படி வேண்டிக்கொள்ளப்பட்ட காலம் ஒன்று இருந்தது. இவை எல்லாம் அற்ப நாவின் ஆசைகள், நாவலுக்குப் பொருளாகா என்று சிலர் சொல்லக்கூடும். கூடலூர்கிழார் அவ்வாறு எண்ணவில்லை என்பதே நம் மறுமொழி.

இன்று அந்தப் பஞ்சம் இல்லை. ஐ.என்.ஏ. சந்தையில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் குவிந்து கிடக்கின்றன; அரைத்த மாவே பையில் கிடைக்கிறது. அப்படியானால் ஏக்கமும் தீர்ந்துவிட்டதா? தீரவில்லை, இடம் மாறியிருக்கிறது. ஒரே உணவு மேசையில் மூவர் அமர்கின்றனர். ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பாட்டனாருக்குத் தண்ணீரின் சுவையே ஒவ்வவில்லை. தாய் இரவெல்லாம் காத்த மாவைக் காலையில் இட்லியாக வார்த்து வைக்கிறாள். பிள்ளையோ பராத்தா இல்லையா என்று கேட்கிறான். அவன்மீது குற்றமில்லை, அவனுக்கு இதுவே ஊர், இங்கே இழந்தது எதுவும் அவனுக்கில்லை. ஒருவருக்கு இழப்பாகத் தோன்றுவது மற்றவருக்கு இழப்பே அன்று என்னும் இந்த நிலையைவிட நாவலுக்கு உரிய பொருள் வேறு என்ன வேண்டும்? பழம்பாடலில் நன்றாயிருக்கிறது என்று சொல்ல ஒருவன் இருந்தான். இங்கே அதைச் சொல்ல வேண்டியவர் கோப்புகளை நினைத்துக்கொண்டே உண்டு எழுந்து போகிறார். அக்குற்றத்துக்கு நாமும் விலக்கல்லோம்.

இத்தகைய வாழ்வை எழுத இயலுமா என்ற ஐயம் வேண்டுவதில்லை. அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' செகந்திராபாத்தில் குடியிருந்த ஒரு தமிழ் இரயில்வே ஊழியரின் குடும்பத்தைச் சொல்வது. 1948 செப்டம்பரில் ஹைதராபாத் இந்தியாவோடு இணைக்கப்பட்ட பெருநிகழ்ச்சி, அந்த வீட்டின் சிறுகவலைகளோடு பின்னியே அந்நாவலில் வருகிறது. வீட்டை விட்டு விலகாமலேயே அவர் வரலாற்றைத் தொட்டார்.

ஆகவே நம் முறையீடு எளியது. தலைநகரத் தமிழிலக்கியத்தில் அலுவலகம் எழுதப்பட்டுவிட்டது. அடுக்களை இன்னும் காத்திருக்கிறது. அதை நன்கு அறிந்தவர்கள் நம் இல்லத்தரசியரும், இங்கேயே பிறந்து வளர்ந்த நம் பெண்மக்களும் ஆவர். அவர்கள் எழுத முன்வர வேண்டும். எழுதினால் படிப்பதற்குப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துத் தெரிந்திருக்க வேண்டும். அது நம் பொறுப்பு. அதற்கு முன்னதாக நாளைக் காலை, தட்டில் வைத்ததை உண்ணும்போது, நன்றாயிருக்கிறது என்று ஒரு சொல் சொல்வோம். நாம் கற்ற இலக்கியத்துக்கு அது ஒரு பயனாகும்.